லிசினியோவின் இடது கை

பெத்ரலோபோ ஊர்மன்றத்து மாடிப்படிச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. 1979-இல், நாட்டுக்கு ஜனநாயகம் வந்த கையோடு, லிசினியோ பாரியெந்தோஸ் வீட்டிலிருந்து சுத்தியல் கொண்டுவந்து அடித்த ஆணி அது. அதற்கு இடப்புறம் அவர் அப்பாவின் படம். அப்பாவுக்கு இடப்புறம் தாத்தாவின் படம். தேர்தல் என்ற பேச்சே இல்லாத காலத்தில், மேலிடத்திலிருந்து வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்து மேயர் ஆனவர்கள் அவர்கள் இருவரும். இருவர் கையிலும் மேயருக்குரிய அதே கோல்: கறுப்பு மரம், வெள்ளிப் பூண், கழுத்தில் இரண்டு குஞ்சம். அடுத்து தான்தான் என்பதில் லிசினியோவுக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவிலிருந்து ஒரு முழம் அளந்து, ஆணியை அடித்துவிட்டு, தேர்தலில் நின்றார்.

அந்த ஆணியில் அவர் படம் ஏறியதா என்று கேட்டால், ஏறியது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

முதல் பன்னிரண்டு வருஷம் மேயராக இருந்தவர் எந்தக் கட்சியிலும் சேராத ஒரு கால்நடை வைத்தியர். ஊரில் எல்லார் வீட்டு ஆட்டுக்கும் பிரசவம் பார்த்த மனிதரை எதிர்த்து யார் ஜெயிப்பது? அவருடைய படத்தை மாட்ட வந்தபோது லிசினியோ ஆணிக்கு முன்னால் நின்றுகொண்டு, "இது நான் அடிச்சது" என்றார். வைத்தியரின் படம் கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டப்பட்டது. வைத்தியருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

லிசினியோ உரமும் விதையும் விற்கிற கடை வைத்திருந்தார். கட்சி, வலதுசாரிக் கட்சி. கொள்கை, இரண்டே வரி: புதிதாக எது வந்தாலும் வேண்டாம், வந்துவிட்டால் போகக் கூடாது. ஊரில் முதன்முதலாக ஒரு போக்குவரத்து விளக்கு வைக்க வந்தபோது மூன்று வருஷம் அதை எதிர்த்துப் பேசினார். பத்து வருஷம் கழித்து, டிராக்டர் மோதிச் சாய்ந்த அந்த விளக்கைப் பிடுங்க வந்தபோது, 'நம் பாரம்பரியத்தில் கை வைக்காதே' என்ற அட்டையோடு அதன் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்க வேண்டும் என்ற அரசாங்க உத்தரவுக்கு அவர் பதினோரு வருஷம் கீழ்ப்படியவில்லை. கோடை முழுக்க எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் பிந்தி வந்தார். எங்கள் ஊரில் அதை யாரும் கவனிக்கவே இல்லை என்பது தெரிந்த அன்று மனம் நொந்து கடிகாரத்தைத் திருத்தினார்.

இவ்வளவுக்கும் நடுவே அந்த மனிதர் வாழ்க்கையில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். செப்டம்பர் எட்டாம் தேதி வறண்ட ஓடை மாதாவின் பவனி. அந்த ஓடையில் தண்ணீரைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. மாதா மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. சப்பரத்துக்கு வலப்பக்கமாக, கையில் கோலோடு மேயர் நடப்பார். அப்போது படம் எடுப்பார்கள். அந்தப் படம்தான் சுவருக்குப் போகும். ஒரே ஒரு செப்டம்பர் எட்டு, அந்தக் கோல், அந்தப் படம். அப்பாவுக்குப் பக்கத்தில்.

வைத்தியர் ஓய்வு பெற்றது 1991-இல். லிசினியோவை எதிர்த்து நின்றவர் ஒவிதியோ. லிசினியோவின் மனைவி விசியின் சொந்த அண்ணன். ரயில் நின்றுபோன ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாஸ்டர். இடதுசாரி, நாத்திகர், ஞாயிறு தவறாமல் தங்கை வீட்டில் ஆட்டுக்குட்டி வறுவல் சாப்பிட வருகிறவர்.

தேர்தலுக்கு முந்திய கடைசி மன்றக் கூட்டத்தில், உறுப்பினராக இருந்த லிசினியோ ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நாட்டில் எத்தனையோ ஊர்கள் தங்கள் மாதாவை நிரந்தர மேயர் ஆக்கியிருக்கின்றன. எங்கள் மாதா மட்டும் என்ன இளப்பமா? ஆகவே, வறண்ட ஓடை மாதா இன்று முதல் பெத்ரலோபோவின் நிரந்தர மேயர். கோல் அவர் கையில் இருக்கும். வேறு எந்தக் கையும் அதை எடுக்கக் கூடாது, அவரே மனமுவந்து தந்தால் ஒழிய. வேறு கோல் செய்யவும் கூடாது.

கடைசி இரண்டு வரிகளில்தான் லிசினியோவின் மூளை இருந்தது. தான் ஜெயிப்பது உறுதி. ஜெயித்ததும் பாதிரியார் மாதாவின் கையிலிருந்து கோலை எடுத்து, 'மாதாவே தந்தார்' என்று சொல்லி இவர் கையில் கொடுப்பார். அப்பாவுக்குக் கடிதத்தில் வந்தது இவருக்கு வானத்திலிருந்து வரும்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஒவிதியோவும் கை தூக்கினார். அவருடைய அம்மா முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதாவுக்கு உடை உடுத்துகிற பொறுப்பு விசியுடையது. செருப்புத் தைக்கிற மெழுகு நூலால் கோலை மாதாவின் வலது கையோடு சேர்த்து அவள்தான் தைத்தாள். அவள் தைத்தால் தைத்ததுதான்.

தேர்தல் மே மாதத்துக் கடைசி ஞாயிறு. அந்த ஞாயிறு எங்கள் ஊர்ப் பெண்கள் பஸ் பிடித்து மலைக்கோயிலுக்கு யாத்திரை போகிற நாளும்கூட. தள்ளிவைக்கலாமே என்று கட்சியில் யாரோ சொன்னார்கள்.

"மாதாவையா தள்ளி வெக்கச் சொல்றே?" என்றார் லிசினியோ. "காலைல போய்ட்டு ஆறு மணிக்கு வந்துடுவாங்க. எட்டு மணி வரைக்கும் ஓட்டுப் போடலாம்."

பஸ்ஸை ஏற்பாடு செய்தவரும் அவரே. முப்பத்தெட்டுப் பெண்கள் போனார்கள். முப்பத்தெட்டும் அவருடைய ஓட்டு. மலைக்கோயிலில் ஜெபமாலை முடிந்து, சாப்பாடு முடிந்து, பஸ் ஏறப் போன நேரத்தில் ஒருத்தி, "லிசினியோ ஜெயிக்கணும்னு தனியா ஒரு ஜெபமாலை சொல்லிடலாமே" என்றாள். சொன்னார்கள். ஒன்று போதாது என்று இன்னொன்று சொன்னார்கள். அப்புறம் பாடல் ஒன்று. லிசினியோவின் வெற்றிக்காக உருகி உருகி வேண்டிக்கொண்டு அவர்கள் ஊர் திரும்பியபோது மணி எட்டு இருபது. ஓட்டுப்பெட்டி மூடியாயிற்று. லிசினியோ பதினொரு ஓட்டில் தோற்றார்.

ஒவிதியோ மேயராகச் செய்த முதல் வேலையை எங்கள் ஊர் இன்னும் பேசுகிறது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கோயிலுக்குள் வந்தார். தொப்பியைக் கழற்றி, மாதாவுக்கு முன்னால் நின்று, "அம்மா, மேயர் நீங்கதான். நான் உங்க குமாஸ்தா. உங்க உத்தரவு இருந்தா வேலைய ஆரம்பிக்கறேன்" என்றார். கோயிலில் இருந்த பெண்கள் அழுதார்கள். பஸ்ஸில் போன முப்பத்தெட்டுப் பேரும் அதில் உண்டு. பிறகு மாடிப்படிக்குப் போய், தன் படத்தை மாட்ட மாட்டேன் என்று சொல்லி, கோல் ஏந்திய மாதாவின் படத்தை ஆணியில் மாட்டினார். லிசினியோவின் ஆணியில். மாதாவை இறக்கு என்று எந்த வலதுசாரி சொல்வான்?

அந்த ஞாயிறு சாப்பாட்டு மேசையில் லிசினியோ கத்தியைக் கீழே வைத்தார்.

"கடவுளே இல்லைன்னு சொல்றவன் மாதாகிட்ட என்ன உத்தரவு கேக்கறே மச்சான்?"

"கடவுள் இல்லைதான் மாப்ளே. ஆனா மேயர் இருக்காங்களே. தீர்மானம் போட்டது நீதானே? மன்றத்துத் தீர்மானத்த மதிக்கணுமா வேண்டாமா?"

"விசி, உங்க அண்ணன வாய மூடச் சொல்லு."

"ரெண்டு பேரும் மூடிட்டுத் தின்னுங்க. கறி ஆறுது."

அதோடு லிசினியோவின் அரசியல் வாழ்க்கை ஒரு வட்டத்தில் சுற்ற ஆரம்பித்தது. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை தோல்வி. அவருடைய சுவரொட்டியில் ஒவ்வொரு தடவையும் ஒரே வாசகம்: 'கோல் என் கைக்கு வரட்டும்.' பக்தியுள்ள பெண்கள் அதைப் படித்துவிட்டு மாதாவின் கையை நினைத்துக்கொண்டார்கள். மாதாவிடம் பிடுங்கப் பார்க்கிறவனுக்கு ஓட்டா? குமாஸ்தாவாக இருக்கிறேன் என்கிற நாத்திகனே தேவலை. இப்படியாக எங்கள் மாகாணத்திலேயே ஜெபமாலை சொல்கிறவர்களின் ஓட்டில் ஏழு தடவை மேயர் ஆன ஒரே நாத்திகர் ஒவிதியோ. இடையில் கட்சி லிசினியோவை மாகாண மன்றத்துக்கு அனுப்பியது. உடம்பு சரியில்லாத ஒருவருக்குப் பதிலாக ஒன்பது நாள். பத்தாம் நாள் அவருக்குக் குணமாகிவிட்டது.

மனிதர் வெளியில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஒவ்வொரு செப்டம்பர் எட்டும் சப்பரத்துக்குப் பின்னால், கூட்டத்தோடு கூட்டமாக, இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் நடப்பார். பையில் விடுவார், முதுகுக்குப் பின்னால் கட்டுவார், தொப்பியைப் பிடித்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும். பாவமாக இருந்தும் ஓட்டுப் போட மாட்டார்கள்.

2019-இல் ஒவிதியோவை எதிர்த்து எட்டாவது தடவை நின்றார். வயது எழுபத்துமூன்று. அன்று மாலை ஓட்டை எண்ணினார்கள். ஒவிதியோ நூற்றைம்பது. லிசினியோ நூற்றைம்பத்தொன்று. மூன்று தடவை திரும்ப எண்ணினார்கள். மூன்று தடவையும் அதே. மன்றத்தின் ஏழு இடத்தில் நான்கு லிசினியோவுக்கு, மூன்று ஒவிதியோவுக்கு. இருபத்தெட்டு வருஷம் கழித்து, ஒரே ஓட்டில், லிசினியோ பாரியெந்தோஸ் மேயர்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் ரொட்டிக்கடைக்காரர் மனைவி வந்து நின்றாள்.

"ஒரு ஓட்டுல ஜெயிச்சியே லிசினியோ, அது யாருதுன்னு நெனச்சே?"

"யாருது?"

"யாருதா? நல்லா இருக்கே நியாயம்! என் கடை வாசல்ல இருக்கற குப்பைத்தொட்டிய எப்ப எடுக்கறே?"

அவள் போனதும் முடிவெட்டுகிறவர் வந்தார். அந்த ஒரு ஓட்டு அவருடையது. தெருவுக்கு அவர் அப்பா பெயர் வைக்க வேண்டும். அடுத்து வேட்டைக்காரர் சங்கத்துத் தலைவர். அந்த ஓட்டு அவருடையது, காட்டுப்பன்றி வேட்டைக் காலத்தை இரண்டு வாரம் நீட்ட வேண்டும். பாதிரியாரும் வந்தார், அவருக்கு ஓட்டு பக்கத்து ஊரில், ஆனாலும் அந்த ஒரு ஓட்டு தன் பிரார்த்தனையில் விளைந்தது என்றார். ஒரு வாரத்தில், நூற்றைம்பத்தொரு பேர் போட்ட ஓட்டுக்கு இருநூறு பேர் சொந்தம் கொண்டாடினார்கள். உண்மையைச் சொன்னால் அந்த வாரம்தான் லிசினியோவின் வாழ்க்கையில் நல்ல வாரம். வந்தவர்கள் எல்லாரையும் நம்பினார், எல்லாருக்கும் சரி என்றார்.

கேட்டுக்கொண்டு வராதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி விசி.

"நீ யாருக்குப் போட்டே?" என்று அவர் கேட்டே விட்டார்.

"கேக்காதே மனுஷா. கேட்டா உனக்குத்தான் கஷ்டம்."

இன்னொருவர் ஒவிதியோ. அவர் எப்படி வருவார்? தோற்றவர் ஆயிற்றே.

பதவியேற்றதும் லிசினியோ நேரே கோயிலுக்குப் போனார். விசி மாதாவின் அங்கியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கத்தரிய எடு விசி. நூல வெட்டு."

"யார் உத்தரவு?"

"மேயர் உத்தரவு."

விசி இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு மாதாவைக் காட்டினாள். "மேயர் இதோ நிக்கறாங்க. ஒண்ணும் சொல்லலையே."

"விசி, இருபத்தெட்டு வருஷம்."

"தெரியும். உன் தீர்மானத்துல என்ன எழுதியிருக்கு? வேற எந்தக் கையும் எடுக்கக் கூடாது. எழுதினது யாரு, எங்க அண்ணனா?"

நாற்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்திய பெண்ணோடு வாதாடி யார் ஜெயிப்பது? ஊர்மன்றச் செயலாளர் காசில்தாவிடம் போனார். நகரத்திலிருந்து வந்த பெண். மூன்று ஊருக்கு ஒரே செயலாளர். சட்டப் புத்தகத்தில் இல்லாத எதையும் அவள் விளையாட்டுக்குக்கூடப் பேச மாட்டாள். தீர்மானத்தை இரண்டு தடவை படித்தாள்.

"இத ரத்து பண்ண முடியாது சார். நிரந்தரம்னு எழுதியிருக்கீங்க. நிரந்தரத்த எப்படி ரத்து பண்றது?"

"புதுசா ஒரு கோல் செஞ்சா?"

"வேற கோல் செய்யக் கூடாதுன்னும் நீங்கதான் எழுதியிருக்கீங்க."

"அப்ப என்னதான் வழி?"

காசில்தா கண்ணாடியைத் துடைத்தாள். "பதவில இருக்கற மேயர இறக்கணும்னா ஒரே வழிதான். நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஏழு பேர்ல நாலு பேர் கையெழுத்துப் போடணும்."

"யார் மேல?"

"மாதா மேல."

லிசினியோ தன் கட்சிக்காரர்கள் மூன்று பேரிடமும் போனார். ஒருவர் மருந்துக்கடையை உள்பக்கமாகத் தாழிட்டுக்கொண்டார். ஒருவருக்கு அன்றைக்கே முதுகுவலி வந்தது. மூன்றாவது, ஜெபமாலைச் சங்கத்துத் தலைவி, "லிசினியோ, செத்தா எந்தக் கல்லறையில் படுக்கிறதா உத்தேசம்?" என்று கேட்டாள். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்.

அந்த ஞாயிறு கறி பரிமாறும்போது ஒவிதியோ சாதாரணமாகச் சொன்னார்: "எங்க மூணு பேர் கையெழுத்து இருக்கு மாப்ளே. உன்னோடது சேந்தா நாலு."

"நீயா? எனக்கா?"

"நாங்க நாத்திகனுங்க. மாதா மேல நம்பிக்கை இல்லைன்னு கையெழுத்துப் போடறதுல எங்களுக்கு என்ன கஷ்டம்?"

விசி கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்ட சத்தத்தில் பூனை எழுந்து வெளியே போயிற்று. லிசினியோ இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார். மனிதரைக் குறை சொல்வதற்கில்லை. நாற்பது வருஷமாக ஓர் ஆணியைப் பார்த்துக்கொண்டே மாடி ஏறியவர்.

கூட்டம் ஆகஸ்ட் கடைசியில். இறக்கப்படுகிற மேயருக்கு முறையாக அழைப்பு அனுப்ப வேண்டும், அவர் பேச நேரம் தர வேண்டும் என்றாள் காசில்தா, சட்டத்தில் இருக்கிறது. அழைப்பைக் கோயில் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். விசி மாதாவின் சார்பில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். கூட்டத்தன்று பன்னிரண்டு பேர் மாதாவைச் சுமந்து வந்து, ஊர்மன்ற வாசலில் குனிந்து நிமிர்ந்து, சரவிளக்கில் கிரீடம் மாட்டி, அதை எடுத்து, கடைசியில் மேயர் இருக்கைக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஊரே உள்ளே இருந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் ஜன்னலில் இருந்தார்கள்.

காசில்தா எழுந்து நின்றாள். "பதவியில் இருக்கும் மேயர் தன் தரப்பைச் சொல்லலாம். பத்து நிமிஷம்."

சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. முதல் நிமிஷம் சிரிப்பு வரும்போல இருந்தது, வரவில்லை. மின்விசிறி சுற்றியது. யாருடைய காது கேட்கும் கருவியோ கீச்சென்று கத்தி நின்றது. மாதா எதிரில் நின்றுகொண்டு லிசினியோவைப் பார்த்தார். லிசினியோ பார்வையைக் கீழே இறக்கினார். அங்கே கோல் இருந்தது. இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம் அதை அவர் பார்த்து இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று. குஞ்சம் நரைத்திருந்தது. மெழுகு நூல் மட்டும் அப்படியே.

ஐந்தாவது நிமிஷம், பக்கத்து நாற்காலியில் இருந்த ஒவிதியோ தலையைத் திருப்பாமல் முணுமுணுத்தார்.

"சீக்கிரம் முடிச்சு எடுத்துக்க மாப்ளே. இதுக்குத்தானே அந்த ஓட்டப் போட்டேன்."

"எந்த ஓட்ட?"

"அந்த ஒண்ணு."

லிசினியோ அவர் பக்கம் திரும்பினார். "உனக்கு எதிரா நீயே போட்டியா?"

"ஏழு தடவை தோத்த மூஞ்சிய ஞாயித்துக்கிழமை தவறாம எதிர்ல வெச்சுக்கிட்டு எப்படிச் சாப்பிடறது? எனக்குக் கறி இறங்கல மாப்ளே. பாவமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

குப்பைத்தொட்டிக்காரி, முடிவெட்டுகிறவர், வேட்டைக்காரர், பாதிரியார், இருநூறு பேரும் லிசினியோவின் கண்முன்னால் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். மிஞ்சியது மச்சான் போட்ட பிச்சை. அவனை அடிக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. மீதி ஐந்து நிமிஷத்தையும் மாதா ஒரு வார்த்தையும் பேசாமல் முடித்துக்கொண்டார்.

"வாக்கெடுப்பு" என்றாள் காசில்தா.

ஒவிதியோவின் மூன்று பேரும் ஆதரவு. லிசினியோவின் மூன்று பேரும் எதிர்ப்பு. எல்லாரும் லிசினியோவைப் பார்த்தார்கள்.

"எதிர்ப்பு" என்றார் அவர்.

"சார், இது உங்க தீர்மானம்."

"என் தீர்மானம்தான். எதிர்ப்பு. எழுதிக்கம்மா."

மாதா நான்குக்கு மூன்று என்ற கணக்கில் பதவியில் நீடித்தார். மணியடித்தார்கள். லிசினியோ மாதாவைக் காப்பாற்றிவிட்டார் என்று ஊர் அவரைத் தோளில் தூக்கியது. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான் என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒவிதியோ மட்டும் தூரத்தில் நின்று, "முட்டாப் பயலே" என்று உதட்டை அசைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்ததாகச் சொல்கிறவர்கள் உண்டு.

பத்து நாள் கழித்து செப்டம்பர் எட்டு. சப்பரம் கோயிலை விட்டு இறங்கியது. கிளாடியோலஸ் பூ ஆளுயரம் கட்டியிருந்தார்கள். மாதாவின் வலப்பக்கமாக மேயர் லிசினியோ, புதுக் கோட்டு, வெறுங்கை. முதல் வளைவில், ரொட்டிக்கடைக்கு எதிரில், அந்தக் குப்பைத்தொட்டி இன்னும் அங்கேயே இருந்ததால் சுமக்கிறவர்களில் ஒருவர் தடுமாறினார். சப்பரம் ஒரு குலுங்கு குலுங்கியது. விசி தைத்த, இருபத்தெட்டு வருஷம் அசையாத நூல் விட்டுப்போய், கோல் மாதாவின் கையிலிருந்து நழுவி, நேராக லிசினியோவின் இடது கையில் வந்து விழுந்தது.

வாத்தியம் நின்றது.

"அவங்களே தந்துட்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள். "தீர்மானத்துல இருக்கு! மனமுவந்து தந்தால் ஒழிய!"

"எடுத்துக்க மாப்ளே!" இது ஒவிதியோ.

காசில்தாகூடத் தலையை ஆட்டினாள். சட்டப்படி சரி.

கோல் அவர் நினைத்ததைவிடக் கனம் குறைவாக இருந்தது. மாகாணப் பத்திரிகையின் படக்காரர் தோளிலிருந்து கேமராவை இறக்கினார். அப்பாவும் தாத்தாவும் பக்கத்தில் வந்து நிற்கிறதுபோல இருந்தது லிசினியோவுக்கு. நிமிர்ந்து மாதாவைப் பார்த்தார். மாதாவின் வலது கை அப்படியே நீட்டியபடி இருந்தது, விரல் மடங்கி, நடுவில் ஒன்றுமில்லாமல், இரண்டு நூல் மட்டும் தொங்கிக்கொண்டு. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வெறுங்கையோடு நிற்பது எப்படியிருக்கும் என்று பெத்ரலோபோவில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவருக்குப் பொறுக்கவில்லை.

எட்டி, கோலைத் திரும்ப அந்த விரல்களுக்குள் செருகினார். விட்டால் விழுந்தது. மறுபடி செருகினார். மறுபடி விழுந்தது. நூல் இல்லாமல் அது நிற்காது. "நடங்க" என்றார் சுமக்கிறவர்களிடம். கையை உயர்த்தி, கோலை மாதாவின் கைக்குள் வைத்துப் பிடித்தபடியே நடந்தார். ஊரைச் சுற்றி, ஓடைவரை போய், திரும்பிக் கோயிலுக்கு வரும்வரை, இரண்டரை மணி நேரம். மாற்றிப் பிடிக்கிறேன் என்று நான்கு பேர் வந்தார்கள். கொடுக்கவில்லை.

கோயிலில் விசி கோலைப் புது நூலால் தைத்து முடித்ததும் கையை இறக்கச் சொன்னாள். கை இறங்கவில்லை. தோள் பூட்டிக்கொண்டது, விரல்கள் மடங்கியது மடங்கியபடி. மருத்துவர் மூன்று நாள் ஆகும் என்றார். அந்த மூன்று நாளும், ஆயுள் முழுக்க வலதுசாரியாக இருந்த லிசினியோ பாரியெந்தோஸ், இடது கை முஷ்டியை வானத்துக்கு உயர்த்திய நிலையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார். வாழ்த்துச் சொல்ல மாகாணத் தலைநகரிலிருந்து வந்த கட்சித் தலைவர்களை விசி வாசலோடு அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் மதியம் ஒவிதியோ வந்தார், கக்கத்தில் சட்டம் போட்ட ஒரு படத்தோடு. விசி பூண்டுக் கஞ்சியைக் கரண்டியால் லிசினியோவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"தோழரே!" என்றார் ஒவிதியோ கையைப் பார்த்து. "நாப்பது வருஷம் கூப்பிட்டேன், இப்பத்தான் வந்தீங்க."

"வெளிய போடா."

"படம் வந்திருக்கு மாப்ளே. பாரு."

பார்த்தார்கள். மாதாவின் முகம் தெளிவாக இருந்தது. அங்கி இருந்தது. கோல் இருந்தது. கோலைப் பிடித்த மாதாவின் கையும், அந்தக் கையைச் சுற்றிப் பிடித்த இன்னொரு கையும் இருந்தன. புள்ளி விழுந்த கிழட்டுக் கை, சட்டைக் கையில் பொத்தான் ஒன்று அறுந்து தொங்கியது. அதற்குக் கீழே முழுக்கக் கிளாடியோலஸ் பூ. லிசினியோ என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

"மூஞ்சிதான் வரல" என்றார் ஒவிதியோ, கொஞ்சம் தயங்கி. "வேற எடுக்கச் சொல்லவா?"

லிசினியோ வலது கையால் படத்தைக் கிட்டே இழுத்தார். "வேண்டாம். இதான் நான்" என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "விசி. அந்த நூல் எப்படி அறுந்துச்சு? நீ தெச்சது அறுந்ததே கிடையாதே."

விசி கரண்டியை நீட்டினாள்.

"நீதான் வெட்டினியா?"

"வாயத் திற."

திறந்தார். கஞ்சி உப்பாக இருந்தது. அவள் ஏப்ரன் துணியால் அவர் முகத்தைத் துடைத்தபடி அண்ணனிடம், "கொண்டுபோய் பழசுக்குப் பதிலா இத மாட்டு. சுத்தியல் வேணுமா?" என்றாள்.

"வேண்டாம்" என்றார் லிசினியோ, வாயில் கஞ்சியோடு. "ஆணி அங்கேயே இருக்கு."